கரட்டூர் வாங்கிய தட்டு

ஜூலை 14

மலை உன் பக்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் மருதை. ஆனால் மலையை உடைத்தால் கிளம்புகிற தூசி எந்தப் பக்கம் வருகிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டல்லவா நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்? பதில் இல்லாதவன்தான் பஸ் வந்துவிட்டது என்று ஓடுவான். நீ ஓடிப்போய் ஏறினாயே, அந்த பஸ் உங்கள் ஊருக்கே போகாது. டீக்கடையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

இதை அவனிடமே சொல்லியிருப்பேன். ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி இது, தைப் பொங்கலில் இருந்து அரிசி டப்பா மேல் கிடந்தது. பேத்தி மோனிகாதான் தூசி தட்டிக் கொடுத்தாள். “டீக்கடையில போடுற சண்டையெல்லாம் இதுல போடு தாத்தா, ஊரு நிம்மதியா இருக்கும்” என்றாள். அவள் ஏழாவது படிக்கிறாள். நான் நாலாவதோடு நின்றவன். படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

நாளைக்கு யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும். எங்கள் ஊர் தும்பைக்குளம். நடுவில் உப்போடை. அந்தக் கரையில் கரட்டூர். அங்கேதான் என் மச்சினன் மருதை இருக்கிறான், என் வீட்டுக்காரி பாப்பாயிக்குக் கூடப் பிறந்த தம்பி. நானும் அவனும் ஒரே குவாரியில் கல் உடைத்தவர்கள். இந்த மாதம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஓடைதான் எல்லை. மலையும் குவாரியும் கரட்டூரோடு புது மாவட்டத்துக்குப் போய்விட்டன. நாங்கள் பழையதிலேயே கிடக்கிறோம்.

போனால் போகட்டும், மலையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஆனால் குவாரியில் இருந்து போகிற ஒவ்வொரு லோடு கல்லுக்கும் அரசாங்கம் ஒரு பங்கு எடுத்து வைத்து, சுற்றுப்பக்கத்து ஊர்களுக்குச் செலவு செய்யும். அந்தப் பணத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சரும் இங்கிலீஷ் சாரும் வந்தார்கள். கரட்டூர்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற வேனும் அதில்தான் ஓடியது. இனிமேல் அந்தப் பணம் ஓடை தாண்டாதாம். “இனிமே அது எங்க பணம் மச்சான்” என்கிறான் மருதை.

அவன் பணமாம். அவன் சட்டையிலேயே பை கிடையாது.

ஜூலை 15

பாப்பாயி சுண்டைக்காய் பறிக்கச் சொன்னாள். பறித்தேன். மருதை சொன்னது இன்றைக்கும் தப்புதான்.

ஜூலை 22

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பெரிய டீச்சர் ஜெசிந்தா கூப்பிட்டிருந்தார். நான் பெற்றவனும் இல்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ரெஞ்சோடு போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டேன். ஒழுகாத குழாயைத் திருகித் திருகி இப்போது நிஜமாகவே ஒழுகுகிறது.

ஜெசிந்தா டீச்சர் சத்தம் போட்டுப் பேசாதவர். புது ஆபீசில் கேட்டால் உங்கள் பள்ளி எங்கள் மாவட்டத்தில் இல்லையே என்கிறார்களாம். பழைய ஆபீசில் கேட்டால் நம் மாவட்டத்தில் இப்போது குவாரியே இல்லையேம்மா என்கிறார்களாம். இரண்டு பேரும் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசுகிறார்களாம். அதுதான் அவருக்கு அதிக வருத்தமாக இருக்கிறது போல.

இங்கிலீஷ் சார் போன வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டார். அறிவியல் டீச்சர் கௌசல்யா சம்பளம் இல்லாமலே வருகிறாள். இரண்டு பஸ் மாறி வருகிற பெண். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் வீட்டில் விட மாட்டார்கள் என்று சொன்னாளாம். அவளும் போய்விட்டால் ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போவார்கள். பிள்ளைகள் குறைந்தால் இருக்கிற வாத்தியார்களையும் வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அப்புறம் அது அஞ்சாவது வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம்.

கூட்டம் முடிந்து கௌசல்யா குழாயடிக்குக் கை கழுவ வந்தாள். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பது எப்படி என்று எங்கள் வீட்டுப் பாப்பாயியிடம் கேட்டுக்கொள் தாயி, அவளுக்குத்தான் ரொம்ப வருஷ அனுபவம் என்றேன். சிரித்துவிட்டாள். இந்த விஷயம் நான் வீட்டுக்கு வருவதற்குள் பாப்பாயிக்குத் தெரிந்திருந்தது. மத்தியானச் சோறு தாமதமானது.

ஜூலை 23

திருப்பூரில் இருந்து மகன் தனபால் போன் செய்தான். அங்கே பனியன் கம்பெனியில் அவனும் மருமகளும் வேலை பார்க்கிறார்கள். மோனிகா இங்கே எங்களோடு இருப்பது பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்பதால்தான். “அந்த டீச்சரும் போயிட்டா இங்கயே சேத்துர்றேம்ப்பா. காலாண்டு லீவுல வந்து கூட்டிக்கிறேன்” என்றான்.

நல்லதுதான் என்றேன். திருப்பூரில் பெரிய பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது.

சாப்பாடு இறங்கவில்லை. பாப்பாயி ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். மோனிகாவைக் கேட்டேன், உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. அக்காவுக்குச் சீர் கொண்டுவந்தான் மருதை. சண்டை இருந்தாலும் சேலை, காப்பரிசி, பழம் எதிலும் குறை வைக்கவில்லை. பாப்பாயி அவனுக்கு மட்டும் இரண்டு வடை கூட வைத்தாள். எல்லையில் கள்ளக் கடத்தல் நடக்கிறது, போலீசைக் கூப்பிடப்போகிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் தொடங்கினேன். தூசி இந்தப் பக்கம், பணம் அந்தப் பக்கம், இது என்ன நியாயம் என்றேன். சொல்லும்போதே எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், அவனுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருமினோம். கடைசியில் நான்தான் அதிக நேரம் இருமினேன். ஜெயித்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“எங்க ஊருப் புள்ளைங்க எத்தன வருசமா ஓடையில எறங்கி உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சுங்க? பைய தலையில வெச்சிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில. வேனு நேத்து வந்தது மச்சான். என் மக சரசு அஞ்சாவதோட நின்னது எதனால? அந்த வருசம் ஓடையில ரெண்டு பேர இழுத்துக்கிட்டுப் போச்சு, அவ ஆத்தா அனுப்ப மாட்டேன்னுட்டா. கரட்டூருக்கு ஒரு எட்டாவது வேணும்னு உங்க ஊர்ல ஒருத்தர் வாயத் தொறந்தீங்களா? இப்பத்தான் எங்களுக்குன்னு ஒண்ணு வருது. அதையும் கேக்குறீங்க.”

சரசு நல்ல பிள்ளை. இப்போது குவாரிக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள்.

நான் சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது. ஆனால் உன் மீசை ஒரு பக்கம் பழைய மாவட்டம், ஒரு பக்கம் புது மாவட்டம் மாதிரி இருக்கிறது, சமமாக வெட்டிக்கொள் என்றுதான் சொன்னேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். மோனிகா மேடையில் பேசினாள். மிட்டாய் கொடுத்தார்கள்.

கரட்டூர் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். குவாரிப் பணத்தில் ஒரு பைசா ஓடை தாண்டக் கூடாது, கரட்டூர்ப் பள்ளியை எட்டாவது வரைக்கும் உயர்த்த வேண்டும் என்று. கேட்டது நியாயம்தான், ஆனால் கேட்டவுடனே எட்டாவது முளைத்துவிடுமா? அனுமதி வர வேண்டும், கட்டடம் வர வேண்டும், வாத்தியார் வர வேண்டும். அதுவரைக்கும் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளும் இங்கேதான் வர வேண்டும். அவர்களிடம் பணம் இருக்கிறது, வகுப்பு இல்லை. எங்களிடம் வகுப்பு இருக்கிறது, பணம் இல்லை. கோடு போட்டவன் எங்கேயாவது உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பான்.

ஆகஸ்ட் 29

தகரத்தில் ஓட்டை அடைத்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. நல்ல யோசனையெல்லாம் எனக்குக் கூரை மேல்தான் வரும்.

சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். மாமன் வீட்டுச் சீர் மாதிரியே மேளம் அடித்து, தட்டுத் தட்டாகத் தலையில் தூக்கிக்கொண்டு, மின்விசிறி, பெஞ்சு, பீரோ என்று போய் வாசலில் இறக்குவார்கள். டீச்சர்கள் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். எங்கள் ஊரில் யாரும் செய்ததில்லை.

கரட்டூர் எங்கள் ஊருக்கு மாமன் ஊர். பாப்பாயி மாதிரி எத்தனை பேர் அங்கிருந்து வாழ வந்தவர்கள். அந்த ஊரே மேளத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் அது எங்கள் பள்ளி இல்லை என்று அவர்கள் எந்த வாயால் சொல்வார்கள்? அக்டோபர் இரண்டில் அடுத்த கிராம சபை. அதற்குள் சீர் வந்துவிட வேண்டும்.

சீர் வர வேண்டுமானால் முதலில் தட்டு போக வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து அக்கா வீட்டுத் தட்டு போனால் தம்பி வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால் சீர் செய்யாமல் இருக்க முடியாது. அது அப்பன் பாட்டன் காலத்துச் சட்டம், எந்தக் கலெக்டரும் பிரிக்க முடியாது.

பாப்பாயியிடம் சொன்னேன். “வெக்கிறதுன்னா எதுக்குன்னு வெவரமாச் சொல்லி வெய்யி. வெளையாட்டுப் பண்ணாத” என்றாள். நான் எப்போது விளையாடினேன்?

செப்டம்பர் 5

தட்டு வைத்துவிட்டேன்.

பாப்பாயிக்கு முட்டி வலி. நான் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டைப் புதுத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். மருதையும் அவன் பெண்சாதி ராசாம்பாளும் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

“நம்ம வீட்ல ஒரு விசேசம் மாப்ள. உன்ன விட்டா ஆரு இருக்கா?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதில் ஒரு சொல் பொய் கிடையாது.

மருதையின் முகம் மாறியது. ஆடியில் இருந்து பேசாதவன், கண் கலங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். ராசாம்பாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன விசேஷம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. ஏழாவது படிக்கிற பேத்தி இருக்கிற வீட்டில் இருந்து தட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் பக்கத்தில் அதை ஆம்பிளைகள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம். பெண் பெரியவளானால் பாட்டி பிறந்த வீட்டுக்கு முதல் தட்டு போகும். தட்டு வந்ததே போதும்.

சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஓடை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். ஓடையில் உட்கார்ந்து இருமிவிட்டு மறுபடி சிரித்தேன்.

செப்டம்பர் 6

மழைத் தூறல். நாளைக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 8

இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் ராசாம்பாளும் இன்னும் நாலு பெண்களும் வந்துவிட்டார்கள். நல்லெண்ணெய், உளுந்து மாவு, கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை. பாப்பாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை எங்கே, எந்த மூலையில் உட்கார வைத்திருக்கிறாய் அண்ணி என்று ராசாம்பாள் கேட்க, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று இவள் சொல்ல, வந்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் பள்ளிக்கூடத்திலும் பரவிவிட்டது. கரட்டூரில் இருந்து வருகிற பெண் பிள்ளைகள் மோனிகாவிடம், எதற்கு வந்தாய், தீட்டாச்சே என்று கேட்டிருக்கிறார்கள். பையன்கள் காதிலும் விழுந்திருக்கிறது. எவனோ கரும்பலகையில் மேளம் வரைந்து வைத்திருக்கிறான். அவள் நடு வகுப்பில் எழுந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள்.

நான் வாசலில் இருந்தேன். இது உனக்கு வைத்த தட்டு இல்லை கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு வைத்த தட்டு, கரட்டூர்க்காரர்களை மடக்குவதற்காக என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“ஒனக்கு எல்லாமே கேலிதானா தாத்தா?” என்றாள்.

அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனில் பேசுவது கேட்டது. “அப்பா, நான் திருப்பூருக்கே வந்துர்றேன்.”

செப்டம்பர் 9

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பேனா கொடுக்கிறவள் பேசுவதில்லை. இது பென்சில்.

செப்டம்பர் 12

கரட்டூருக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குச் சீர் கேட்டு வைத்த தட்டு அது, திருப்பிக் கொடுத்துவிடு மாப்ளை, எல்லாம் ரத்து என்றேன். மருதை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உட்காரச் சொல்லவில்லை. தட்டு சாமி படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது, வெற்றிலை மட்டும் காய்ந்திருந்தது.

“வாங்குன தட்டத் திருப்பித் தர்றது இல்ல” என்றான்.

அப்படியானால் என்னைத் திட்டிவிடு என்றேன். உன்னை ஏமாற்றிவிட்டேன், நாலு வார்த்தை திட்டு, மனசு ஆறும்.

“என்னைய எங்க ஏமாத்துனீங்க? நாம கேலிக்காரங்க, நீங்க ஏமாத்துனா நான் திருப்பி ஏமாத்துவேன். அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அது நம்ம கேலிக்குள்ள வருமா?”

எத்தனையோ முறை அவனிடம் ஏதாவது கேலி சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இன்றைக்கு மீசையைப் பார்த்தேன். வெட்டிச் சமமாக வைத்திருந்தான். அதையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17

பாப்பாயி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன். கல் உடைக்கிற வேலை பார்த்தீர்களா என்றார். இல்லை, கச்சேரியில் பாடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாப்பாயியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்.

மாத்திரை கொடுத்தார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வரும்போது பூ வாங்கிக் கொடுத்தேன், எதற்கு வீண் செலவு என்று திட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால் தெரிந்துகொண்டேன்.

மோனிகா தினம் சோற்றுக்குப் பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். பேசுவதில்லை.

செப்டம்பர் 24

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கௌசல்யா டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோனிகாவோடு அறைக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. பாப்பாயி கதவோரம் முருங்கைக்கீரை ஆய்ந்தாள், அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

போகும்போது டீச்சர் என்னிடம், லீவு முடிந்து வருவேனா என்று தெரியாது தாத்தா, குழாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி தாயி என்றேன். வேடிக்கையாக ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

செப்டம்பர் 30

தனபால் வந்திருக்கிறான். மூன்றாம் தேதி காலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். பெரிய பை ஒன்று வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது. நகர்த்தி வைக்கச் சொல்லலாம். சொன்னால் நகர்த்துவார்கள்.

அக்டோபர் 2

கரட்டூரில் கிராம சபை. எனக்கு அங்கே ஓட்டும் இல்லை, மாவட்டமும் இல்லை. ரேஷன் கடைச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். மைக் வைத்திருந்தார்கள், அதனால் எல்லாம் கேட்டது; தலைவர் மேசைப் பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

தெருவிளக்கு, குடிதண்ணீர், நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்தார்கள். அப்புறம் மருதை எழுந்தான். கையில் என் தட்டு. அதே துண்டால் மூடியிருந்தான். கொண்டுபோய்த் தலைவர் மேசையில், மைக்குக்குப் பக்கத்தில் வைத்தான். கூட்டத்தில் ஒருத்தன், மச்சான் மடக்கிய தட்டா மருதையண்ணே என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

மருதை மைக்கில் பேசிப் பழகாதவன். இரண்டு முறை இருமினான்.

“ஆமா, எங்க அக்கா வூட்டுத் தட்டு. எதுக்குன்னு கேக்காம வாங்குனது நான். வாங்குனது வாங்குனதுதான். சீரு செஞ்சாகணும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சீருன்னு மச்சான் சொல்றாரு. பீரோ, பெஞ்சு எதுவும் அங்க வேணாம். ஆளுதான் இல்ல. நம்ம வீட்டு விசேசத்துக்கு என்ன மொய் வெப்பமோ அத எடுத்து அந்த அறிவியலு டீச்சருக்குச் சம்பளமாக் குடுப்போம், பங்குனி வரைக்கும். அதுக்கப்பறம் குவாரிப் பணத்துல குடுக்கணும்னு இங்க தீர்மானம் போடுங்க. நம்ம ஊர்ல எட்டாவது வர்ற வரைக்கும் போதும்.”

ஒரு பெரியவர் எழுந்து, போன முறை ஒரு பைசா தாண்டக் கூடாது என்று கை தூக்கியது நீதானே என்றார். நியாயமான கேள்வி. மருதை மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

“தூக்குனேன் சித்தப்பா. என் மக சரசு அஞ்சாவதோட நின்னுச்சு. அந்தக் கோவத்துல தூக்குனேன். அன்னைக்கு ஓடையில தண்ணி வந்து நிறுத்துச்சு. இன்னைக்கு ஓடையில தண்ணியே இல்ல. நாமளா ஏன் நிறுத்தணும்?”

பெண்கள் பக்கம் முதலில் கை தூக்கியது சரசு என்று அப்புறம் சொன்னார்கள். ஆம்பிளைகள் பாதிப் பேர் தூக்கவில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. வந்திருந்த அதிகாரி, நான் எழுதி அனுப்புகிறேன், இரண்டு மாவட்டமும் ஒத்துக்கொள்ள வேண்டும், என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். பணம் வந்தாலும் வரும், வராமலும் போகும். பங்குனி வரைக்கும் டீச்சர் வருவாள், அவ்வளவுதான் இன்றைக்கு உறுதி.

கூட்டம் கலைந்ததும் மருதை என்னைப் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. “தட்டு சீரோடதான் வரும்” என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. மோனிகா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, யாருக்கோ சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். மைக், தட்டு, சித்தப்பா, சரசு தூக்கிய கை. அதிகாரியின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி ஒரு வேடிக்கை வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். டீச்சர் வருவாள் என்ற இடத்தில் சீப்பு நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது.

அதற்கு மேல்தான் நான் சொல்ல வந்தது. அதை ஓடையில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

“கண்ணு, அன்னைக்கு நான் சிரிச்சிக்கிட்டே வந்தேன். ஓடை வரைக்கும் சிரிச்சேன். ஒன்ன நெனச்சே பாக்கல. எனக்கு எப்பவும் கேலி முதல்ல வந்துருது, மத்ததெல்லாம் பின்னாடி நடந்து வருது. நீ திருப்பூர் போனாலும் சரி, இருந்தாலும் சரி, நான் ஒன்ன அந்தப் புள்ளைங்களுக்கு முன்னாடி...”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாதிப் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் அப்பாவிடம் ஏதோ சொன்னாள், அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. அப்புறம் வாளிச் சத்தம். பாப்பாயி கொல்லைப் பக்கம் வந்தாள்.

“என்ன பண்றா?” என்றேன்.

“துணி ஊற வெக்கிறா.”

“எந்தத் துணி?”

“யூனிபாரம்” என்றாள் பாப்பாயி. “சோப்புத் தீந்துபோச்சாம். கடை சாத்துறதுக்குள்ள ஒங்கள வாங்கியாரச் சொன்னா.”

நான் சொல்ல வந்ததில் இன்னும் பாதி இருக்கிறது. சோப்பு வாங்கி வந்து சொல்கிறேன்.